கொடைக்கானல் குளிர் பேரி மரத்துக்குப் போதுமா?

டிசம்பர் கடைசியில் கொடைக்கானல் போகிறவர்களுக்குக் குளிர் என்றால் ஸ்வெட்டர், மங்கி கேப், கை சூடேற ஒரு டீ. அங்கே நிற்கிற பேரி மரத்துக்குக் குளிர் என்றால் கணக்கு. எவ்வளவு குளிரில், எத்தனை மணி நேரம் கழிந்தது என்று அதன் மொட்டுகள் கூட்டிக்கொண்டே வருகின்றன. கூட்டல் முடிந்தால், தை, மாசியில் மரம் முழுக்க ஒரே சமயத்தில் பூ எடுக்கும். முடியாவிட்டாலும் பூ வரும். ஆனால் இன்று நாலு, அடுத்த வாரம் ரெண்டு என்று இழுத்துக்கொண்டு வரும். பிஞ்சு நிற்காது.

இதில் விவசாயிக்கு இருக்கிற சிக்கல் சின்னதில்லை. கேரட், பீன்ஸ் போட்டுத் தப்பாகப் போனால் அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். பேரிக் கன்று அப்படியல்ல. நட்டு, நல்ல காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அதன் பிறகு பல பத்தாண்டுகள் நிற்கும். மலையின் குளிருக்கு ஒத்துவராத ரகத்தை நட்டவர், அது தப்பு என்று தெரிந்துகொள்ளவே அரை பத்தாண்டு காத்திருக்க வேண்டும். அதனால்தான் பழநி மலையின் குளிரை மழையைப் போலவே அளக்க வேண்டும், அளந்ததை எல்லாருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும்.

மரம் ஏன் தூங்குகிறது?

ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச் எல்லாம் கடுங்குளிர் உள்ள நாடுகளில் தோன்றிய மரங்கள். அடுத்த வருஷத்துக்கான பூ மொட்டை அவை முந்தின கோடையிலேயே உருவாக்கிவிடும். பிறகு இலையை உதிர்த்துவிட்டு உறக்க நிலைக்குப் போகும்.

இந்த உறக்கம் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. நடுக் குளிர்காலத்தில் திடீரென நாலு நாள் வெயில் அடித்தால், வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி மொட்டு விரிந்துவிடக் கூடாது. விரிந்தால் அடுத்த பனியில் கருகும். எனவே போதுமான குளிரைப் பார்க்காமல் கதவைத் திறப்பதில்லை என்று மொட்டு உள்பக்கம் பூட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அசையாது.

பூட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல தடயம் மெக்சிகோவில் கிடைத்தது. அங்கே ஒரு வகை பீச் மரம் உறக்கத்துக்கே போகாமல் வளர்ந்துகொண்டே இருந்தது. ஆராய்ந்தபோது, வழக்கமான பீச்சில் இருக்கும் சில மரபணுக்கள் அதில் குறைபட்டிருந்தன. டாம் என்ற சுருக்கப் பெயரில் அழைக்கப்படும் இந்த மரபணுக்கள் உறக்கத்தின்போது தீவிரமாகச் செயல்படும். குளிர் சேரச் சேர அடங்கும். அவை அடங்கினால் பூட்டு திறக்கும்.

குளிரை எப்படி எண்ணுவது?

பழைய முறை எளிது. 7.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே, உறைநிலைக்கு மேலே எத்தனை மணி நேரம் இருந்தது என்று எண்ணுவது. இதற்குச் சில்லிங் ஹவர்ஸ், அதாவது குளிர் நேரம் என்று பெயர். ரகத்துக்கு ரகம் தேவை மாறும். இமாச்சலில் பரவலாக உள்ள ரெட் டெலிஷியஸ் ஆப்பிளுக்குச் சுமார் 1,000 மணி நேரமோ அதற்கு மேலோ வேண்டும். வில்லியம்ஸ் பேரிக்குச் சுமார் 800. கீஃபர் பேரிக்குச் சுமார் 350. இஸ்ரேலில் உருவான அன்னா ஆப்பிளுக்கு 300-க்குள் போதும்.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. 7 டிகிரியில் நின்றால் முழு மதிப்பெண், 8 டிகிரியில் நின்றால் பூஜ்யம் என்று மரம் நினைப்பதில்லை. அதைச் சரிசெய்ய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1974-ல் வேறொரு கணக்கு வந்தது. அதில் சுமார் 2.5 முதல் 9 டிகிரி வரை ஒரு மணி நேரத்துக்கு 1 மதிப்பெண். 9-லிருந்து 12.4 வரை அரை. அதற்கு மேல் 16 வரை பூஜ்யம். 16-ஐத் தாண்டினால் அரை மதிப்பெண் கழியும். 18-ஐத் தாண்டினால் ஒன்று கழியும். இரவில் சேர்த்ததைப் பகல் வெயில் எடுத்துக்கொண்டு போகும் என்பதுதான் இதன் சாரம்.

அடுத்து 1987-ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் டைனமிக் மாடல் என்ற கணக்கை முன்வைத்தார்கள். சேவிங்ஸ் கணக்கு, ஃபிக்சட் டெபாசிட் வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குளிரில் சேர்வது முதலில் சேவிங்ஸ் கணக்கில் விழுகிறது. வெயில் வந்தால் அதிலிருந்து கரையும். ஆனால் ஒரு அளவு நிறைந்துவிட்டால் அது டெபாசிட்டாக மாறிவிடும். அதற்குப் பிறகு எந்த வெயிலும் அதைத் தொட முடியாது. இரவு குளிராகவும் பகல் இதமாகவும் இருக்கிற ஊர்களுக்கு மூன்றில் இதுதான் பொருத்தமானது என்று இப்போது பல ஆய்வுகள் ஏற்கின்றன.

கொடைக்கானல் கணக்கு

கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் அங்கே சராசரி இரவுக் குளிர் சுமார் 8 டிகிரி. பகல் உச்சம் சுமார் 17, 18 டிகிரி. பழைய முறைப்படி பார்த்தால் சராசரியான ஒரு ஜனவரி இரவுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட பூஜ்யம். சராசரியைவிடக் குளிர்ந்த இரவுகள் மட்டுமே கணக்கில் ஏறும். அப்படியானால் இங்கே பேரியே காய்க்கக் கூடாது. ஆனால் காய்க்கிறது. காரணம், மரம் 8 டிகிரியையும் 10 டிகிரியையும்கூட எண்ணுகிறது.

யூட்டா முறையில் ஒரு மாதிரி நாளைப் போட்டுப் பார்க்கலாம். விடியற்காலை 8 டிகிரி, மதியம் 17.5. இதில் 9 டிகிரிக்குக் கீழே 5 மணி நேரம் என்று வைத்தால் 5 மதிப்பெண். 9 முதல் 12.4 வரை 7 மணி நேரம் என்றால் 3.5. அடுத்த 6 மணி நேரத்துக்கு பூஜ்யம். 16-க்கு மேலே 6 மணி நேரம் என்றால் 3 கழியும். மிச்சம் 5.5. நாள் லாபத்தில் முடிகிறது.

இப்போது அதே நாளை 2 டிகிரி மட்டும் சூடாக்குங்கள். விடியற்காலை 10, மதியம் 19.5. முழு மதிப்பெண் தரும் நேரமே இல்லை. அரை மதிப்பெண் நேரம் 9 மணி என்றால் 4.5 கிடைக்கும். 6 மணி நேரம் பூஜ்யம். 16 முதல் 18 வரை 4 மணி நேரத்துக்கு 2 கழியும். 18-க்கு மேல் 5 மணி நேரத்துக்கு 5 கழியும். முடிவு மைனஸ் 2.5. லாபமாக இருந்த நாள் நஷ்டமாகிவிட்டது.

இது புரிந்துகொள்வதற்கான மாதிரிக் கணக்கு மட்டுமே. நிஜத் தோட்டத்தில் மணி நேரங்கள் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அது காட்டும் விஷயம் முக்கியம். சிம்லாவில் 2 டிகிரி கூடினால் குளிரின் கையிருப்பு குறையும். கொடைக்கானலில் 2 டிகிரி கூடினால் கையிருப்பே இல்லாமல் போகலாம். பழநி மலையின் பழ மரங்கள் குளிர்காலத்தின் விளிம்பில் நிற்கின்றன.

இந்த மலையின் குளிர் ஏன் வேற மாதிரி?

முதல் காரணம் அட்சரேகை. கொடைக்கானல் பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரி தூரத்தில்தான் இருக்கிறது. வருஷத்தின் மிகக் குறுகிய நாளிலும் அங்கே சுமார் பதினொன்றரை மணி நேரம் பகல். சிம்லாவில் அது 10 மணி நேரத்தை ஒட்டி வரும். ஆக இங்கே உயரம் தருகிற குளிரைச் சூரியன் தினமும் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்கிறது. பல மரங்கள் இலையை முழுசாக உதிர்ப்பதுகூட இல்லை. பாதி விழித்தபடியே தூங்குகின்றன.

இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மலை மேல் மேகம் போர்வை போலப் படுத்துக்கொள்கிறது. பகல் சூடேறாது, அது நல்லது. ஆனால் நிலத்தின் வெப்பம் இரவில் வெளியேறவும் முடியாது. மழை விலகி வானம் தெளிந்த பிறகுதான் இரவுகள் நன்றாக இறங்குகின்றன. அப்போது பகல் வெயிலும் கூடவே வந்துவிடுகிறது. குளிரைச் சேமிக்க மரத்துக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. பருவமழை தாமதமாக விலகினால் அது இன்னும் சுருங்கும்.

மூன்றாவது, மலை ஒரே மாதிரி இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற மேல்மலை கிராமங்களில் ஒரு குளிர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலையில் வேறு குளிர். ஒரே கிராமத்துக்குள்ளும், குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். சரிவில் 8 டிகிரி இருக்கும்போது பள்ளத்தில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கொடைக்கானலுக்கு ஒரே ஒரு எண் சொல்லி அத்தனை தோட்டத்துக்கும் பொருத்த முடியாது.

குளிர் மட்டும் போதாது, வெப்பமும் வேண்டும்

குளிர்த் தேவை முடிந்ததும் பூட்டு திறக்கும், ஆனால் மொட்டு உடனே விரியாது. இரண்டாம் கட்டத்தில் அது வெப்பத்தைக் கூட்ட ஆரம்பிக்கிறது. சுமார் 4 டிகிரிக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும், ஒவ்வொரு டிகிரியும் இந்தக் கணக்கில் சேரும். தேவையான அளவு சேர்ந்ததும் பூ.

இரண்டு கணக்கும் ஒன்றையொன்று ஈடுசெய்யும், ஓரளவுக்கு. குளிர் நிறையக் கிடைத்த மொட்டு கொஞ்சம் வெப்பத்திலேயே விரியும். குளிர் குறைந்த மொட்டுக்கு அதிக வெப்பம் வேண்டும், அப்போதும் ஒழுங்கில்லாமல்தான் விரியும். குளிர்நாட்டு விவசாயியின் பயம், வெப்பம் சீக்கிரம் வந்து பூ முந்தி, பிறகு வரும் பனியில் கருகிவிடுமோ என்பது. கொடைக்கானலில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே பற்றாக்குறை முதல் கட்டத்தில்தான்.

ஆனால் குறைந்த குளிர் கேட்கும் ரகம்தான் எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. அது சீக்கிரம் விழித்துக்கொள்ளும். மேல்மலையின் உறைபனிப் பள்ளத்தில் அப்படியொரு பீச்சை நட்டால், ஜனவரியில் பூத்து அந்த மாதமே கருகிப் போகலாம். ரகத்தின் தேவையும் தோட்டத்தின் குளிரும் பொருந்த வேண்டும் என்பதுதான் விதி.

குளிர் குறைந்தால் என்ன நடக்கும்?

மரம் சாகாது. அதனால்தான் பிரச்சினை வெளியே தெரியத் தாமதமாகிறது. கிளை நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை வரும், நடுக்கிளை மொட்டையாக நிற்கும். சில பூ மொட்டுகள் விரியாமலே உதிரும். விரிந்த பூக்களும் வாரக்கணக்கில் நீளும். பேரி, ஆப்பிள், பல பிளம்ஸ் ரகங்கள் காய்க்க வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். இந்த மரம் பூக்கும்போது அந்த மரம் பூக்காவிட்டால், தேனீ வந்தும் பயனில்லை. காய்த்ததும் ஒரே நேரத்தில் பழுக்காது. பறிக்க நாலு தடவை ஆள் கூப்பிட வேண்டும், நாலு தடவை கூலி கொடுக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. பீச்சுக்குப் பேர்போன அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2017-ல் சுமார் 80 சதவீத விளைச்சல் போனது. குளிர்காலத்தில் போதுமான குளிர் கிடைக்கவில்லை. மார்ச்சில் வந்த உறைபனி மிச்சத்தைக் கெடுத்தது.

கொடைப் பேரி ஏன் கெட்டியாக இருக்கிறது?

பழநி மலையில் இந்த மரங்களின் கதை 19-ம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் வெயிலுக்குத் தப்பிக் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1863-ல் கலெக்டர் வெரி லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். குடியேறிய வெள்ளைக்காரர்களோடு அவர்கள் ஊர்ப் பழ மரங்களும் வந்தன. வந்ததில் எது நின்றது என்பதை மலையின் குளிர்தான் முடிவு செய்தது.

நின்றவற்றில் முக்கியமானது நாட்டுப் பேரி என்று இங்கே அழைக்கப்படும் ரகம். ஆசியாவின் மணல் பேரி இனத்தைச் சேர்ந்தது. கடித்தால் மொறுமொறுப்பு, கொஞ்சம் மணல் போல நறநறப்பு. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் மெத்தென்ற ஐரோப்பியப் பேரியோடு ஒப்பிட்டு இதைத் தரம் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மெத்தென்ற பேரிக்குத் தேவையான குளிரை இந்த மலையால் கொடுக்க முடியாது. ஆசிய, ஐரோப்பிய இனங்களின் கலப்பான கீஃபர் இரண்டுக்கும் நடுவே நின்று இங்கே ஒத்துப்போனது. பிளம்ஸிலும் இதே கதைதான்: அதிகக் குளிர் கேட்கும் ஐரோப்பிய வகை இங்கே எடுபடவில்லை, ஜப்பானிய வகை தங்கியது. ஆப்பிளில், குறைந்த குளிரில் காய்க்கும் பார்லின்ஸ் பியூட்டி கொடைக்கானலோடு சேர்த்துப் பேசப்படும் பெயர். ரகம் தேர்ந்தெடுக்கும் இந்த வேலையைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் செய்துவருகிறது.

ஆப்பிள் கனவு

இப்போது ஆன்லைனில் ஆப்பிள் கன்று வாங்குவது செல்போன் கவர் வாங்குவது போல ஆகிவிட்டது. இதில் உண்மையும் இருக்கிறது. அன்னா, பஹாமாஸில் கண்டெடுக்கப்பட்ட டார்செட் கோல்டன், இமாச்சலின் பிலாஸ்பூரைச் சேர்ந்த விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்ஆர்எம்என்-99 எல்லாம் குறைந்த குளிரில் காய்க்கும் நிஜமான ரகங்கள்தான். சர்மாவுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனால் கன்றின் மேல் இருக்கும் பெயர் நிஜம்தானா, எந்தக் குளிருக்கு அது பொருந்தும் என்று வாங்குபவருக்குச் சொல்ல ஆளில்லை. சிவப்பான ஆப்பிள் படத்தைப் பார்த்து டெலிஷியஸ் வகைக் கன்றை வாங்கி நட்டவர், ஆறு வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்வார்.

குளிரே இல்லாமல் சமாளித்தவர்களும் உண்டு. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் மலாங் நகரத்தை ஒட்டிய பாத்து, பூமத்திய ரேகைக்குத் தெற்கே 8 டிகிரியில் இருக்கிறது. அங்கே அறுவடை முடிந்து ஒரு மாதம் போல ஆனதும், மரத்தின் இலைகளை எல்லாம் கையாலேயே உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதற்கு முன்பே எழுப்பிவிடுகிற உத்தி. வருஷத்துக்கு இரண்டு தடவை ஆப்பிள் எடுத்தார்கள். கூலியும் உரமும் நிறையக் கேட்கும் முறை இது. அண்மை ஆண்டுகளில் அங்கேயும் ஆப்பிள் குறைந்து, பலர் ஆரஞ்சுக்கு மாறியிருக்கிறார்கள்.

இன்னொரு வழி மருந்து. மொட்டை வலுக்கட்டாயமாக எழுப்ப ஹைட்ரஜன் சயனமைடு தெளிக்கிறார்கள். திராட்சைத் தோட்டங்களில் இது பழக்கமான மருந்து. கடுமையான நச்சும்கூட. தெளித்த ஆள் மது குடித்தால் உடல் மோசமாக எதிர்வினை காட்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 2008-ல் அனுமதி மறுத்தது. குடிநீர் ஊற்றுகள் கிளம்புகிற மலைச் சரிவில் இதைத் தீர்வாக முன்வைப்பது சரியாக இருக்காது.

மேலே போக இடமில்லை

இமாச்சலில் குளு போன்ற தாழ்வான பள்ளத்தாக்குகளில் குளிர் குறைந்தபோது, ஆப்பிள் மேலே ஏறியது. கின்னௌர், லாகௌல் ஸ்பிதி என்று முன்பு ஆப்பிளுக்கு அதிகக் குளிர் என்று கருதப்பட்ட இடங்களில் இப்போது தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே ஏற மலை இருக்கிறது.

பழநி மலையின் உச்சி 2,500 மீட்டரைச் சற்றே தாண்டும். 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்று வைத்தால், நகரத்திலிருந்து உச்சிக்கு மிச்சமிருப்பது இரண்டரை டிகிரி. அந்த இடமும் காலி மனை அல்ல. சோலைக்காடும் புல்வெளியும் வனத்துறை நிலமும் வனவிலங்கு சரணாலயமும் அங்கே இருக்கின்றன. கீழே இருக்கிற ஊர்களுக்கு ஓடையாக வரும் தண்ணீரைப் பிடித்து வைப்பவை அவை. பேரிக்காக அவற்றைத் தொட முடியாது, தொடவும் கூடாது. எனவே மரம் இருக்கிற இடத்திலேயேதான் தீர்வு தேட வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, அளப்பது. கொடைக்கானலில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம் பல பத்தாண்டுகள் வானிலைத் துறையின் கீழ் இயங்கியது. தமிழ்நாட்டில் வெப்பநிலையை மிக நீண்ட காலம் பதிவுசெய்த மலை ஊர்களில் இதுவும் ஒன்று. அந்தப் பதிவுகளை டைனமிக் முறையில் கணக்கிட்டு, ஒவ்வொரு குளிர்காலத்திலும் எவ்வளவு குளிர் சேர்ந்தது என்று வெளியிட வேண்டும். மேல்மலையிலும் கீழ்மலையிலும் தானியங்கிக் கருவிகள் வைத்து, பிப்ரவரி முதல் வாரத்தில் ஊர்வாரியாக எண் சொல்ல வேண்டும். அணை நீர்மட்டத்தைத் தினமும் சொல்கிற மாநிலத்துக்கு இது பெரிய வேலை அல்ல.

இரண்டாவது, கன்றின் மேல் எழுதுவது. பழ மரக் கன்று விற்கும் ஒவ்வொரு நர்சரியும், ஆன்லைன் கடையும், ரகத்தின் பெயரோடு அதன் குளிர்த் தேவையையும் எழுத வேண்டும். விதை மூட்டையில் முளைப்புத் திறன் எழுதுவது சட்டம் என்றால், பல பத்தாண்டு நிற்கப்போகும் மரத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்வதில் தப்பில்லை.

மூன்றாவது, பழைய மரங்களைக் காப்பது. பங்களாத் தோட்டங்களிலும் கிராமத்து வேலியோரங்களிலும் பெயர் தெரியாத பேரியும் பிளம்ஸும் நிற்கின்றன. இந்த மலையின் குளிரில் தலைமுறை தாண்டிக் காய்த்தவை அவை. ரிசார்ட் கட்ட வெட்டுவதற்கு முன்னால் ஒட்டுக் குச்சி எடுத்து ஆராய்ச்சி நிலையத்தில் வைத்தால், நாளைய ரகங்களுக்குத் தாய் மரம் கிடைக்கும்.

நான்காவது, எங்கே பேரி வேண்டாம் என்று நேர்மையாகச் சொல்வது. கீழ்மலையின் தாழ்வான பகுதிகளில் குளிரைக் கேட்காத மரங்களே பொருத்தம். அங்குள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிகேடி-1 பட்டர் ஃப்ரூட் ஒரு உதாரணம். காப்பியும் மிளகும் மலை வாழையும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. பேரியை அதற்கான குளிர் இருக்கிற இடத்துக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்தில் வேறு வருமானம் பார்ப்பது பின்வாங்கல் ஆகாது.

புதுக் கன்று வாங்கப்போகிற விவசாயியும், மலையில் ஒரு ஏக்கர் வாங்கிப் பழத்தோட்டம் போட நினைக்கிற ஐடி ஊழியரும் பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்த ரகத்துக்கு எவ்வளவு குளிர் வேண்டும்? என் தோட்டத்தில் எவ்வளவு குளிர் சேர்கிறது? முதல் கேள்விக்கு நர்சரி பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும். அந்த எண் வரும் வரை, தோட்டத்து நிழலில் ஒரு சின்ன வெப்பமானியை மாட்டி, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தினமும் குறித்து வைப்பது நல்லது. ஆறு வருஷக் காத்திருப்போடு ஒப்பிட்டால் மூன்று மாதம் பெரிதில்லை.